நிரலும் உரையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்

முன்னுரை

மூலம் ஒன்று, அதற்கு உரை ஒன்று என்று இரண்டையும் சேர்த்தே நம் முன்னோர் நூல்களைப் பயின்றனர். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் திருக்குறளுக்குப் பரிமேலழகரும் உரை எழுதியிராவிட்டால் பல இடங்கள் நமக்கு எளிதில் விளங்கியிரா. உரையில் தவறு நேர்ந்தால் மூலம் நன்றாக இருந்தும் கற்பவர் வழி தவறுவர்.

கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களுக்கும் இத்தகைய உரை உண்டு. அதனைக் கமெண்ட் என்பர். நாம் விளக்கக் குறிப்பு என்போம். பலரும் எடுத்துப் பயன்படுத்துவதற்கென்று ஒருவர் எழுதி வைக்கும் நிரல் தொகுப்பை லைப்ரரி என்று வழங்குகிறோம். அதனைப் பயன்படுத்துவோர் உள்ளே இருக்கும் நிரலை வரிவரியாகப் படிப்பது அரிது. ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் உள்ள விளக்கக் குறிப்பைப் படித்து, அதை நம்பியே தம் வேலையைத் தொடங்குவர்.

நிரலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் கணிப்பொறி அதை ஏற்க மறுத்துவிடும். விளக்கக் குறிப்பில் பிழை இருந்தால் அது ஒன்றும் சொல்லாது. குறிப்பு மெய்யா பொய்யா என்று பொறி சரிபார்ப்பதில்லை. ஆகவே அப்பிழை ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். எழுத்துக்களை எண்களாக மாற்றும் குறியாக்க நிரல்களில் இத்தகைய பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றைத் திருத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குறியாக்கம் என்பது யாது?

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்க வேண்டியுள்ளது. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அவை போதும். இந்திய மொழிகளுக்காக இஸ்கி என்னும் முறை 1991ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயமாக வெளியிடப்பட்டது. தமிழுக்கென்று டிஸ்கி என்னும் முறையும், 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டேப், டேம் என்னும் முறைகளும் தோன்றின. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையின் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

இம்முறைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. 'பொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். டிஸ்கி முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து பகரம், இறுதியில் கால் என்று மூன்று குறிகள் வைக்கப்படும். யூனிகோடு முறையிலோ ஒலிக்கும் வரிசைப்படி முதலில் பகரமும் அதன்பின் ஒகரக் குறியும் வரும். 'எழுதும் வரிசையில் சேமிக்கப்படும்' என்று ஒரு விளக்கக் குறிப்பு இருந்தால் அது முன்னதற்குப் பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. எந்த முறை என்று சொல்லாமல் 'தமிழ் உரை' என்று மட்டும் எழுதிய குறிப்பு, எந்த ஊர் என்று எழுதாத கடிதத்தைப் போன்றது.

ஒரு சொல், நான்கு அளவுகள்

யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதுவதற்கு இன்று பெரிதும் பயன்படுவது யூடிஎப்-8 என்னும் வழி. இதன் விதி எளிது. 0 முதல் 127 வரையுள்ள எண்ணுக்கு ஒரு பைட். 128 முதல் 2047 வரை இரண்டு பைட். 2048 முதல் 65,535 வரை மூன்று பைட். அதற்கு மேல் நான்கு பைட். மேலே சொன்ன தமிழ் எண்கள் மூன்றாம் வகுப்பில் வருவதால் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். எடுத்துக்காட்டாக, தகரத்தின் எண் 2980. அது 224, 174, 164 என்னும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும்.

நான் வசிக்கும் பொத்தேரி என்னும் ஊரின் பெயரைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். நாம் படிக்கும்போது பொ, த், தே, ரி என நான்கு எழுத்துக்கள். யூனிகோடு கணக்கில் ப, ஒகரக் குறி, த, புள்ளி, த, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என எட்டுக் குறியெண்கள். யூடிஎப்-8 கோப்பில் இருபத்துநான்கு பைட்டுகள். இத்தோடு முடியவில்லை. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பிரித்து எழுதினால் அதே பெயர் ஒன்பது குறியெண், இருபத்தேழு பைட் ஆகிவிடும்.

இப்போது ஒரு நிரல் தொகுப்பில் 'இச்செயற்கூறு உரையின் நீளத்தைத் தரும்' என்று ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். எந்த நீளம்? நான்கா, எட்டா, ஒன்பதா, இருபத்துநான்கா? இரயில் நிலையப் பலகையில் இதே ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது. அதற்கு எழுத்தும் ஏழு, குறியெண்ணும் ஏழு, பைட்டும் ஏழு. ஆங்கிலத்தை மட்டும் இட்டுப் பார்ப்பவருக்கு அக்குறிப்பில் குறையே தெரியாது. தமிழை இட்டவுடன் தெரிந்துவிடும். அதனைப் பின்வருமாறு திருத்த வேண்டும்:

'இச்செயற்கூறு உரையில் உள்ள குறியெண்களின் எண்ணிக்கையைத் தரும். பைட்டுகளையோ எழுத்துக்களையோ எண்ணுவதில்லை. சேர்த்து எழுதிய பொத்தேரி என்ற சொல்லுக்கு விடை 8.'

நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆயினும் அதைப் பயன்படுத்துவோர் இனித் தடுமாற மாட்டார்கள்.

பிழையால் நட்டப்படுவோர் யார்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு விண்ணப்பத்தில் பெயருக்கு இருபது பைட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளக்கக் குறிப்போ 'இருபது எழுத்து வரை' என்கிறது. கோவிந்தம்மாள் என்ற பெயரில் ஏழே எழுத்துக்கள் உள்ளன. குறிப்பை நம்பியவர், இடம் தாராளமாக இருக்கிறது என்று எண்ணுவார். உண்மையில் அப்பெயருக்குப் பதின்மூன்று குறியெண்கள், முப்பத்தொன்பது பைட்டுகள். இருபதில் வெட்டினால் 'கோவிந்' என்பது மட்டும் நிற்கும். மிஞ்சிய இரண்டு பைட்டுகள் தகரத்தின் உடைந்த துண்டு. அவை கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாகவோ வேறு ஏதேனும் கிறுக்கலாகவோ அச்சாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் விண்ணப்பம் நிரப்பவும், அச்சாகி வந்த தாளில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லவும் பலர் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. பெயர் பாதியில் நின்றுவிட்ட தாளையும் கண்டிருக்கிறேன். அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர், 'நான்தான் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது' என்று தம்மையே நொந்துகொள்வார். அதைத் திருத்த ஒரு நாள் கூலியை விட்டு அலுவலகத்துக்கு நடக்க வேண்டியவரும் அவரே. எங்கோ ஒருவர் 'பைட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எழுத்து' என்று எழுதினாலும் இத்தகைய நட்டம் நேரக்கூடும் என்பதை அவர் எப்படி அறிவார்?

பெயரே பிழையானால்

சில இடங்களில் பிழை, குறியெண்ணுக்கு இட்ட பெயரிலேயே அமைந்துவிடுகிறது. யூனிகோடு பட்டியலின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இஸ்கி வரிசையைப் பின்பற்றி அமைந்தது. அதனால் நம் ஆய்த எழுத்துக்கு 'தமிழ் விசர்க்கக் குறி' என்று பெயர் வந்தது. விசர்க்கம் வடமொழியில் முன் எழுத்தைச் சார்ந்து நிற்பது. ஆய்தமோ தமிழில் தனியே எண்ணப்படும் எழுத்து. பெயரை மட்டும் பார்த்து, 'இக்குறி முன் எழுத்தோடு சேரும்' என்று ஒருவர் குறிப்பு எழுதி நிரலையும் அவ்வாறே அமைத்தால், எஃகு என்ற சொல்லில் மூன்று எழுத்துக்களுக்குப் பதில் இரண்டே கிடைக்கும். நல்ல வேளையாக, அப்பெயரின் அடியில் 'ஆய்தம்' என்ற விளக்கத்தையும் பட்டியலில் சேர்த்துள்ளனர். அதே பகுதியில் உள்ள அனுஸ்வாரக் குறிக்குக் கீழே 'தமிழில் பயன்படுவதில்லை' என்ற குறிப்பும் உண்டு.

நம் அண்டை மொழியான கன்னடத்துக்கு நேர்ந்தது இதைவிட வியப்பானது. பழங்கன்னடத்தில் நம் ழகரத்துக்கு இணையான ஓர் எழுத்து இருந்தது. யூனிகோடு பட்டியலில் அதற்குக் 'கன்னட எழுத்து ஃபா' என்று பிழையாகப் பெயரிட்டுவிட்டனர். ழகரம் எங்கே, ஃபா எங்கே! ஆயினும் அப்பெயரை இன்று மாற்ற இயலாது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது 1996ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் யூனிகோடு கடைப்பிடிக்கும் விதி. உலகெங்கும் உள்ள நிரல்கள் அப்பெயரைக் கொண்டு அந்த எழுத்தைத் தேடக்கூடும் என்பதே காரணம். ஆகவே பழைய பெயரை அப்படியே விட்டு, அதன் அருகில் திருத்தப் பெயர் ஒன்றை முறைப்படி வெளியிட்டுள்ளனர். அத்திருத்தப் பெயர், தமிழ் ழகரத்துக்கு அப்பட்டியலில் வழங்கும் அதே பெயரே ஆகும்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் சுவடிகளைப் பதிப்பித்தபோது, தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, வேறு ஏடுகளில் கண்ட பாடங்களை அடிக்குறிப்பாகக் காட்டினார். திருத்தம் செய்வோர் பழையதை மறைக்கக் கூடாது என்னும் அந்த நேர்மை இங்கும் வேண்டியதே.

காலம் கடந்த குறிப்புகள்

எழுதிய நாளில் மெய்யாக இருந்து, பின்னர் பொய்யாகிவிடும் குறிப்புகளும் உண்டு. யூடிஎப்-8 முறையை 1992ஆம் ஆண்டு கென் தாம்சன், ராப் பைக் என்னும் இரு அறிஞர்கள் வகுத்தனர். அப்போது ஒரு குறியெண் ஆறு பைட் வரை நீளலாம் என்றிருந்தது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த தர ஆவணம் அதனை நான்காகக் குறைத்தது. அதன் பிறகும் 'ஆறு பைட் வரை' என்று சொல்லிக்கொண்டிருக்கும் குறிப்பு திருத்தத்துக்கு உரியது.

மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் 'யூடிஎப்8' என்ற பெயரிலேயே ஒரு குறியாக்கம் இருந்தது. ஆனால் அது மூன்று பைட் வரை மட்டுமே ஏற்றது. நான்கு பைட்டையும் ஏற்கும் 'யூடிஎப்8எம்பி4' என்பது 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தமிழுக்கு மூன்று பைட் போதுமே என்று நாம் நினைக்கலாம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு பன்னிரண்டாம் பதிப்பில் முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைகளும் அடங்கிய 51 குறிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரியின் எண் 73,664. அது 65,535க்கு மேற்பட்டது. எனவே நான்கு பைட் வேண்டும். பழைய கணக்கு ஏடுகளை அப்படியே கணிப்பொறியில் ஏற்ற விரும்புவோர், 'தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்' என்னும் குறிப்பை நம்பினால் இந்த இடத்தில் இடறுவர்.

மற்றொன்று. 2005ஆம் ஆண்டு வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பட்டது. அதன் பயனாக, ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரின் முதல் எழுத்தை ஸகரம் கொண்டும் எழுதலாம், ஶகரம் கொண்டும் எழுதலாம் என்றாகிவிட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். கொம்பையும் காலையும் ஒன்றாக்கும் சீர்மை முறை இவ்விரண்டையும் ஒன்றாக்காது. 'சீர்மைப்படுத்தினால் ஒரே வடிவில் தோன்றும் சொற்கள் அனைத்தும் பொருந்தும்' என்று குறிப்பெழுதினால், பட்டியலில் இருக்கும் ஊரையே இல்லை என்று தேடல் நிரல் சொல்லிவிடும்.

அறுபத்துநான்கின் கணக்கு

பேஸ்64 என்பது வேறொரு வகைக் குறியாக்கம். எந்தத் தரவையும் அறுபத்துநான்கு எளிய குறிகளால் எழுதி அனுப்ப உதவுவது. மூன்று பைட்டுகளில் உள்ள 24 பிட்டுகளை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு குறிகள் கிடைக்கும். மூன்றால் வகுபடாமல் ஒன்றோ இரண்டோ பைட் மிஞ்சினால், சமக்குறியை இட்டு இடம் நிரப்புவர்.

இதில் மூன்று வகைப் பிழைக் குறிப்புகள் நேரக்கூடும். முதலாவது, 'இது தரவை மறைத்துக் காக்கும்' என்பது. பேஸ்64 பூட்டு அன்று. எவரும் எளிதில் திருப்பிப் படிக்கலாம். அதை நம்பிக் கடவுச்சொல்லை வைப்பது திறந்த பெட்டியில் பணத்தை வைப்பதாகும். இரண்டாவது, 'விடையின் நீளம் மூலத்தின் மூன்றில் நான்கு மடங்கு' என்பது. ஒரே ஒரு பைட்டுக்கும் நான்கு குறிகள் வரும். ஆகவே மூன்றால் வகுத்து, மிச்சம் இருந்தால் ஒன்று கூட்டி, நான்கால் பெருக்க வேண்டும் என்பதே சரி. மூன்றாவது, வரி முறிவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது. 1996ஆம் ஆண்டின் மின்னஞ்சல் தரப்படி ஒரு வரியில் 76 குறிகளுக்கு மேல் இருக்கலாகாது. 2006ஆம் ஆண்டின் பொதுத் தரமோ, தனியே சொல்லப்பட்டாலன்றி வரியை முறிக்கக் கூடாது என்கிறது. நிரல் எதைப் பின்பற்றுகிறது என்று குறிப்பு சொல்லியாக வேண்டும்.

இங்கே தமிழ் மாணவருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. யூடிஎப்-8 கோப்பில் நம் எழுத்தின் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் அல்லவா? எனவே இடைவெளியோ நிறுத்தக் குறியோ இல்லாத தமிழ்ச் சொல்லைப் பேஸ்64இல் மாற்றினால் மிச்சமே வராது, சமக்குறி தோன்றாது. பொத்தேரியின் 24 பைட்டுகள் சரியாக 32 குறிகளாகும். தமிழ்ச் சொற்களை மட்டும் இட்டுப் பார்த்துச் 'சமக்குறி வராது' என்று எழுதுவது, ஆங்கிலத்தை மட்டும் இட்டுப் பார்த்து 'ஓர் எழுத்துக்கு ஒரு பைட்' என்று எழுதுவதைப் போன்ற தவறே. எந்த மொழியாயினும் ஒன்றை மட்டும் பார்த்துப் பொது விதி கூறலாகாது.

திருத்தும் முறை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில விதிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் நிரலை இயக்கிப் பார்க்க வேண்டும். குறிப்பும் நிரலும் முரண்பட்டால் எது தவறு என்று முடிவு செய்த பிறகே கை வைக்க வேண்டும். சில வேளைகளில் குறிப்பு சரியாகவும் நிரல் தவறாகவும் இருக்கும்.

2. அளவின் அலகைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். 'நீளம்', 'அளவு' என்று மட்டும் விடாமல் பைட், குறியெண், எழுத்து என்பவற்றுள் எது என்று கூற வேண்டும்.

3. எந்தக் குறியாக்கம், எந்தத் தரம், அது எந்த ஆண்டினது என்பதைச் சுட்ட வேண்டும்.

4. எல்லையில் நிற்பவற்றைச் சொல்ல வேண்டும். வெற்று உரை வந்தால் என்ன ஆகும்? உடைந்த பைட் வந்தால் என்ன ஆகும்? க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா?

5. எடுத்துக்காட்டு ஒன்று தர வேண்டும். பைத்தான் மொழியில் டாக்டெஸ்ட் என்னும் வசதி உண்டு. குறிப்பில் எழுதிய எடுத்துக்காட்டைப் பொறியே இயக்கி, சொன்ன விடை வருகிறதா என்று அது பார்க்கும். பொறி சரிபார்க்காத குறிப்பையும் ஓரளவு சரிபார்க்கச் செய்யும் நல்ல வழி இது.

6. ஏன் திருத்தினோம் என்பதை மாற்றப் பதிவில் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். பின்னால் வருபவர் பழையதே சரி என்று எண்ணி மறுபடியும் மாற்றிவிடாதிருக்க அது உதவும்.

முடிவுரை

ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவர் இடமறிந்து உணர வேண்டியிருந்தது. அத்துயரைக் குறைக்கவே எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு பிற்காலத்தில் நிலைபெற்றது. அச்சீர்திருத்தத்தை வீரமாமுனிவருக்கு உரியதாகக் கூறுவர். எழுதுபவர் சிறிது கூடுதலாக உழைத்தால் படிப்பவர் பலருக்கு ஐயம் நீங்கும் என்பதே அதன் பொருள். விளக்கக் குறிப்பைத் திருத்துவதும் அத்தகைய பணியே.

மாணவ நண்பர்களே! பெரிய நிரல் தொகுப்புகளைக் கண்டு, இவையெல்லாம் எங்கோ உள்ள பேரறிஞர் எழுதியவை, நமக்கு இதில் என்ன இடம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓபன்-தமிழ் போன்ற தொகுப்புகள் அனைவரும் பார்க்கும்படி திறந்தே வைக்கப்பட்டுள்ளன. எவரும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆய்தம் தனி எழுத்து என்பதையும் பொத்தேரிக்கு நான்கு எழுத்து என்பதையும் நாம் எவரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் அறிவோம். ஆளுக்கொரு செயற்கூற்றை எடுத்து, நம் ஊர்ப் பெயரையும் நம் தாயார் பெயரையும் அதில் இட்டு, குறிப்பில் சொல்லியபடி விடை வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால், அதைச் சொல்லுவதற்கு நமக்கு உரிமையும் உண்டு; கடமையும் உண்டு.